பதினேழாம் பொடி

கழுவுவதுதான் நம் வேலை. குடுவை, குழாய், மேசை, தரை. இதையெல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வீர்கள். பொடியைக் கழுவ எனக்கு இரண்டு வருஷம் ஆனது. கற்றுக்கொண்ட பிறகும் ஒரு தப்பு செய்தேன். அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

இந்த வருஷம் லேபில் உதவியாளராகச் சேர்ந்திருக்கும் நான்கு பேருக்கும் இது பொது. நான் எட்டாவது வரை படித்தவள். ஓய்வு பெற்றாயிற்று. புத்தி சொல்ல எனக்கு வராது. நடந்தது தெரியும்.

நீங்கள் இன்று பெரிய பேராசிரியராகப் பார்க்கும் மேடத்துக்கு அப்போது லேப் கிடையாது. தாம்பரத்துக்குத் தெற்கே இந்தக் கல்லூரியில் அவர் வேலைக்கு வந்தபோது, கெமிக்கல் இன்ஜினியரிங் துறையில் பெண் என்றால் அவர் ஒருவர்தான். சேலையூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். முதல் வருஷப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார். ஆராய்ச்சிக்கு இடம் கேட்டார். கட்டடத்துக்குப் பின்னால் உடைந்த பெஞ்சு போட்டு வைத்த கொட்டகையைக் காட்டினார்கள்.

"இது போதும் சார்" என்றார்.

அவரும் நானும்தான் பெஞ்சுகளை வெளியே இழுத்துப் போட்டோம். ஒரு பெஞ்சுக்கு அடியில் முழு நீளத்துக்குப் பாம்புச் சட்டை கிடந்தது. நான் கதவுக்கு ஓடிவிட்டேன். மேடம் குனிந்து பார்த்தார்.

"பழைய குடித்தனக்காரர் காலி பண்ணிட்டார். வாங்கக்கா."

அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப் போனது.

அவர் செய்த ஆராய்ச்சி வினையூக்கி பற்றியது. அப்படியென்றால் என்ன என்று முதல் நாளே கேட்டேன். "கல்யாணத் தரகர் மாதிரி. ரெண்டு வீட்டையும் சேர்த்து வெப்பார். அவர் அந்தக் குடும்பத்துல சேர மாட்டார். அடுத்த கல்யாணத்துக்குப் போயிடுவார்" என்றார்.

"தரகரு சும்மாவா மேடம் போவாரு? பந்தியில குந்திட்டுத்தான் போவாரு."

மேடம் சிரித்தார். "இதுவும் கொஞ்சம் கொஞ்சமா தேயும்க்கா. அதைக் குறைக்கறதுதான் என் வேலையே."

பஜ்ஜிக் கடையில் பொரித்துப் பொரித்துக் கறுத்துப் போன எண்ணெய் இருக்கிறதே, அதை டீசலாக மாற்ற வேண்டும். எண்ணெயோடு சாராயம் மாதிரி ஒன்றை ஊற்றுவார். குடித்தால் கண் போய்விடும், தொடாதீர்கள். இரண்டையும் சேர்த்து வைக்க ஒரு வெள்ளைப் பொடி. அந்தப் பொடியை நாங்களே செய்தோம். எண்ணெய்க்காக மேடம் கல்லூரிக்கு முன்னால் போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினார். கொட்டகை முழுக்க மிளகாய் பஜ்ஜி வாசனை. மற்ற வாத்தியார்கள் "பஜ்ஜி லேப்" என்று பெயர் வைத்தார்கள். மேடம் அதையே ஒரு அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டார். அதோடு அவர்கள் கேலி நின்றது.

மூன்று வருஷத் திட்டம். கடைசியில் டெல்லியிலிருந்து குழு வந்து பார்க்கும். பொடி வேலை செய்தால் லேப் நிற்கும். இல்லையென்றால் கொட்டகை பழையபடி பெஞ்சுக்கு. துறைத் தலைவர் இதை நேராகவே சொல்லியிருந்தார். பதினாறு பொடி செய்து முடித்தோம். எல்லாம் வேலை செய்தன, ஆனால் மெதுவாக. நான்கு மணி நேரம் கொதித்தாலும் எண்ணெயில் பாதி எண்ணெயாகவே இருக்கும்.

அந்தக் கோடையில் பதினேழாவது பொடி.

பொடி முதலில் வெள்ளைக் கூழாக வரும். அதில் காரம் இருக்கும், மிளகாய்க் காரம் இல்லை, சோடா மாதிரிக் கையை அரிக்கிற காரம். காரம் போகிறவரை கழுவ வேண்டும். பன்னிரண்டு முறை. காய்ச்சி வடித்த தண்ணீரில் மட்டும். பாதியில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கூழ் காய்ந்து விரிசல் விட்டுவிடும், காரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பிறகு தூக்கிப் போட வேண்டியதுதான்.

மேடம் இரண்டு நாள் மும்பைக்குப் போயிருந்தார், ஒரு கூட்டத்தில் பேச. கழுவுகிற பொறுப்பு என்னுடையது. நாலாவது முறை முடிந்தபோது காய்ச்சிய தண்ணீர்க் கேன் காலி. தண்ணீர் காய்ச்சும் கருவி ஓடவில்லை. ஊரெல்லாம் தண்ணீர்ப் பஞ்சம், குழாயில் காற்றுதான் வந்தது. பக்கத்து லேபில் கேட்டேன். அங்கேயும் இல்லை. கூழ் காய ஆரம்பித்தது. ஓரத்தில் விரிசல் விழுந்தது.

மேடத்துக்கு போன் செய்திருக்கலாம். மேடையில் இருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

வெளியே டிரம்மில் லாரித் தண்ணீர் இருந்தது. மீதி எட்டு முறையையும் அதில் கழுவினேன். காரம் போய்விட்டதா என்று காட்டும் தாளை வைத்துப் பார்த்தேன். தாள் சரி என்றது. நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

தப்பு அது இல்லை. வேறு வழி இல்லாதபோது கையில் இருப்பதை எடுத்தேன், அவ்வளவுதான். தப்பு அதற்கு அடுத்தது. நோட்டில் "கழுவிய நீர்" என்று ஒரு கட்டம் உண்டு. முதல் பொடிக்கு மேடம் அதில் "காய்ச்சி வடித்தது" என்று எழுதினார். இரண்டாவதிலிருந்து பதினாறு வரைக்கும் "மேலே சொன்னதே" என்பதற்கு இரண்டு சின்னக் கோடு போட்டு வந்தேன். பதினேழுக்கும் இரண்டு கோடு போட்டேன். யோசிக்கவில்லை. கை போட்டது. போட்ட பிறகு பார்த்தேன். அடித்துத் திருத்தவில்லை. அது யோசித்துச் செய்தது.

மேடம் வந்தார். பொடியை உலையில் சுட்டு எண்ணெயில் போட்டார். ஒரு மணி நேரத்தில் அடுப்பை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் புனல் மாதிரி கண்ணாடியில் ஊற்றி வைத்தார். மேலே தேன் நிறத்தில் டீசல். கீழே கறுப்பாகக் கிளிசரின். நடுவே கத்தியால் கீறியது போல் ஒரு கோடு. பதினாறு பொடியிலும் அப்படி ஒரு கோடு நாங்கள் பார்த்ததில்லை.

மேடம் மணியை நோட்டில் குறித்தார். மறுபடி செய்தார். மறுபடி கோடு. மூன்றாவது முறையும் வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தார். முப்பத்தைந்து வயது, காட்டன் புடவை, கழுத்தில் அடையாள அட்டை. அந்த அட்டை என் மூக்கில் அடித்தது. மதியத்துக்குள் துறை முழுக்க மைசூர்பாகு.

நானும் ஒரு துண்டு தின்றேன். இன்னொன்று நீட்டினார்கள், வேண்டாம் என்றேன்.

பொடிக்கு மூன்று நாள் ஆகும். காய்ச்சிய தண்ணீருக்குப் புதுக் கேன் வந்துவிட்டது, அதில் கழுவிப் பதினெட்டு செய்தோம். பழையபடி மெதுவு. பத்தொன்பது, அப்படியே. இருபது, அப்படியே. குழு வர பத்து நாள்தான் இருந்தது. பதினேழில் மிச்சம் ஒரு ஸ்பூன்கூட இல்லை. துறைத் தலைவர் கொட்டகைக்கு வந்தார். கெட்டவர் இல்லை. பொறுமை இல்லாதவர்.

"ஒரு தடவை வந்து மறுபடி வரலைன்னா அது ரிசல்ட் இல்லம்மா. ஆக்ஸிடென்ட்."

"தெரியும் சார்."

"அவங்க முன்னாடி பதினேழைப் பத்திப் பேசாதீங்க. பேசினா காட்டச் சொல்வாங்க."

மேடம் தராசைச் சந்தேகப்பட்டார். உலையைச் சந்தேகப்பட்டார். பிறகு தன்னையே சந்தேகப்பட்டார். தான் எடை போட்டது தப்பு, தான் பார்த்த நேரம் தப்பு என்று நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த இரண்டு கோட்டின் மேலேயே அவர் விரல் போய்ப் போய் வந்தது. நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரே இடத்தை.

அந்த மூன்று பொடிக்கும் ஆன ஒன்பது நாளும் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அப்போது வேலை நிரந்தரம் ஆகவில்லை. அதைக் காரணமாகச் சொல்லலாம். பயம் என்று சொல்வதே சரி.

பத்தாம் நாள் காலையில் மேடம் கம்ப்யூட்டரில் கடிதம் அடித்துக்கொண்டிருந்தார். டீ வைக்கப் போனேன்.

"இன்னா மேடம், லெட்டரு?"

"குழுவுக்குக்கா. பதினேழுல நான் ஏதோ தப்பா செஞ்சிருக்கேன். என் பிழைன்னு எழுதிட்டா முடிஞ்சிது. அவங்க வந்து அசிங்கப்படறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடலாம்."

என் தப்புக்கு இன்னொருத்தர் கையெழுத்துப் போடப் போகிறார். டீயை வைத்தேன்.

"மேடம், அனுப்பாதீங்க. அது உங்க தப்பு இல்ல. நாந்தான்."

"எது?"

"பதினேழு. கேன் காலியாப் பூட்ச்சி. நாலு வாட்டி நல்ல தண்ணி. மீதி எட்டும் டிரம்மு தண்ணி. லாரித் தண்ணி மேடம். நோட்டுல கோடு போட்டுட்டேன்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். திட்டு வரும் என்று நின்றேன். நாற்காலி பின்னால் விழுகிற சத்தம் கேட்டது. அவர் எழுந்து நின்றிருந்தார்.

"எந்த லாரி?"

"ஆங்?"

"எந்த லாரிக்கா? எந்த ஊர்த் தண்ணி?"

கடிதம் போகவில்லை. அன்றே டிரம் தண்ணீரில் கழுவி இருபத்தொன்றாவது பொடி ஆரம்பித்தோம். அதுவும் மெதுவாகத்தான் வேலை செய்தது. லாரி ஒரே லாரிதான். ஆனால் தண்ணீர் நாளுக்கு ஒரு ஊர். பதினேழைக் கழுவிய தண்ணீர் டிரம்மில் இல்லை.

லாரி ஓட்டுகிறவர் பெயர் ஏழுமலை. மேடம் நோட்டும் பேனாவுமாகப் போய் நின்றதும் அவர் முகம் மாறியது.

"இன்னா மேடம், கேஸு கீஸு போடப் போறீங்களா? நான் ஏரில எட்க்கறது இல்ல மேடம், சத்தியமா."

"கேஸ் இல்லண்ணா. ஆராய்ச்சி."

"அது இன்னும் பேஜாராச்சே!"

அந்த வாரம் எங்கே பிடித்தார் என்று கேட்டோம். அவருக்கு நினைவில்லை. மூன்று இடம் சொன்னார். பொத்தேரிக்குப் பின்னால் ஒரு போர்வெல், பெரும்பாக்கம் பக்கம் ஒன்று, கூடுவாஞ்சேரியில் ஒரு புது லேஅவுட். மூன்றிலும் தண்ணீர் எடுத்து மூன்று பொடி செய்ய ஒன்பது நாள் வேண்டும். குழு வர ஐந்து நாள்தான் இருந்தது. ஒரு பொடிக்கும், அது சரியா என்று பார்க்கவும்தான் நேரம்.

"ஒரே சான்ஸ். எதுன்னு எப்படிக்கா தெரியும்?" என்றார் மேடம்.

அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அந்த வாரம் குடுவை கழுவும்போது சோப்பு நுரைக்கவில்லை. கேன்டீனுக்கும் அதே லாரித் தண்ணீர்தான். சாம்பாரில் பருப்பு முழுசு முழுசாக மிதந்தது. பிள்ளைகள் மாஸ்டரோடு சண்டை போட்டார்கள்.

"மேடம், பருப்பு வேகாத தண்ணி அது. எந்த ஊர்ல பருப்பு வேகலன்னு கேட்டா தெரிஞ்சிப் பூடும்."

மேடம் நோட்டை மூடினார். பிறகு, "சுண்ணாம்பு. கால்சியம்! அதுதான் பொடியில ஒட்டிக்கிட்டு வேலை செஞ்சிருக்கு!" என்று மேசையைத் தட்டினார். "நான் பன்னண்டு வருஷம் படிச்சது வேஸ்ட்டுக்கா."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேராகக் கிளம்பினேன். மேடம் ஸ்கூட்டர். பின்னால் நான். நடுவில் காலி கேன் இரண்டு.

பொத்தேரியில் அந்த போருக்குப் பக்கத்துக் கட்டடம் முழுக்கக் கல்லூரிப் பிள்ளைகள். கதவைத் தட்டினோம். தலை கலைந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"உங்க வீட்ல பருப்பு வேகுதாம்மா?"

"பருப்பா? ஆன்ட்டி, எங்க கிட்ட அடுப்பே இல்ல. எல்லாம் ஆர்டர்தான்."

பக்கத்து வீட்டு அம்மா வந்து, "வேகுமே, ஏன் வேகாது?" என்றார். எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பெரும்பாக்கத்தில் என் தங்கை வீடு, குடியிருப்பில் ஏழாவது மாடி. லிப்ட் ஓடவில்லை. மேடமும் ஏறினார். விஷயத்தைச் சொன்னோம். அந்த போர் தண்ணீரையும் அவள் பிடித்துப் பார்த்தவள்தான்.

"வேகும், வேகும். தண்ணி வந்தா பருப்பு வேகும். மொதல்ல அத்த வரச் சொல்லு. ஏன்க்கா, இதுக்கா ஏழு மாடி ஏறினே? பாவம், டீச்சரை வேற இஸ்துகினு வந்துட்ட."

டீச்சர் அங்கேயே உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டார்.

கூடுவாஞ்சேரி லேஅவுட்டில் வெயில் மண்டையைப் பிளந்தது. பாதி மனை காலி. ஒரு வீட்டு வாசலில் ஒரு அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கேட்டோம்.

அவர் கையிலிருந்த துணியைக் கீழே போட்டார்.

"பருப்பா? ஏம்மா வயித்தெரிச்சலைக் கிளப்பறீங்க! குக்கர் பதினோரு விசில் விடுது, பருப்பு அப்படியே முழிச்சிக்கிட்டு இருக்கு. என் மாமியார் எனக்குச் சமைக்கத் தெரியலன்னு ஊர் பூரா சொல்லிட்டாங்க. அந்தம்மா ஊர்லருந்து வந்து அவங்களே வெச்சாங்க. அதுவும் வேகல. அப்பதான் வாயை மூடினாங்க!"

மேடம் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு கேன் தண்ணீர் கேட்டதும், "இந்தத் தண்ணியா? நல்ல தண்ணி தரேன், இருங்க" என்றார். வேண்டாம், இதுதான் வேண்டும் என்று வாங்கி வந்தோம். வண்டி எடுக்கும்போது அவர் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டு எங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டாவது பொடியை நானே கழுவினேன். நாலு முறை காய்ச்சிய தண்ணீர், எட்டு முறை கூடுவாஞ்சேரித் தண்ணீர். நோட்டில் ஊர் பெயரோடு எழுதினேன். புதன்கிழமை உலையிலிருந்து எடுத்து எண்ணெயில் போட்டோம். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் கடிகாரத்தையே பார்த்தோம். கண்ணாடியில் ஊற்றினார். கலங்கலாக இருந்தது. பிறகு மெல்ல மெல்லப் பிரிந்தது. நடுவே கோடு.

மேடம் இந்தத் தடவை குதிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் குதித்தேன்.

மறுநாள் காலையில் குழு. அதற்கு முன்னால் துறைத் தலைவர் வந்தார். விஷயம் தெரிந்ததும் அவருக்கும் சந்தோஷம். ஒரு யோசனை சொன்னார்.

"தண்ணிக் கதையெல்லாம் எதுக்கும்மா? கால்சியம் சேர்த்துப் பார்க்கலாம்னு நாமளே பிளான் பண்ணினோம்னு சொல்லிடுங்க. கௌரவமா இருக்கும்."

மேடம் யோசித்தார். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். நான் கதவருகே நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். லேப் அவருடையது. என்ன சொன்னாலும் நான் மறுக்க முடியாது.

"இல்ல சார். நடந்ததைச் சொல்றேன். இந்த அக்கா தன் வேலை போகும்னு தெரிஞ்சும் சொன்னாங்க. எனக்கு என்ன போகுது, கௌரவம்தானே."

சொன்னார். கேன் காலியானதிலிருந்து மாமியார் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். குழுவில் வழுக்கைத் தலையாக ஒருவர் இருந்தார், முகம் இறுகிப் போய். பருப்பு வந்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டார். கொட்டகைக்கு வந்து கோட்டைக் கண்ணால் பார்த்தார்கள். காய்ச்சிய தண்ணீரில் கால்சியத்தை அளந்து போட்டுக் கழுவினாலும் இது வரவேண்டும், அடுத்து அதைத்தான் செய்யப் போகிறேன் என்று மேடம் சொன்னார். பின்னாளில் செய்தார், வந்தது. அதில்தான் அவருக்குப் பெயர் வந்தது, வெளிநாட்டில் பேசக் கூப்பிட்டார்கள். நீங்கள் இன்று வேலை செய்கிற மூன்று மாடியும் அதில் வந்ததுதான்.

அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. இன்னும் மூன்று வருஷம் லேப் உண்டு என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழு வண்டியில் ஏறியது. வண்டி கேட்டைத் தாண்டியது. மேடம் கையை ஆட்டி முடித்துவிட்டுக் கொட்டகைக்குள் வந்தார். கதவைச் சாத்தினார்.

"உக்காருங்கக்கா."

உட்கார்ந்தேன்.

"ஒன்பது நாள்! ஒன்பது நாள் என் தராசைக் கழற்றிக் கழற்றி மாட்டிட்டு இருந்தேன். நீங்க பார்த்துட்டே இருந்தீங்க. நல்லா வந்ததால தப்பு சரியாயிடுமா? இதே தண்ணியில பொடி கெட்டுப் போயிருந்தா என்ன எழுதியிருப்பீங்க? அப்பவும் கோடுதானா? தெரியாம செஞ்சா நூறு தடவை மன்னிக்கலாம். எழுதாம விட்டா நான் எதை நம்பி அடுத்த பொடி செய்யறது?"

அவ்வளவு கோபத்தை அவரிடம் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒவ்வொன்றும் நியாயம். உங்களில் யாருக்காவது அந்தத் திட்டு தேவைப்பட்டால், இதைப் படித்ததோடு போகட்டும்.

நடுவில் நிறுத்திவிட்டு முறைத்தார்.

"ஏன்க்கா சிரிக்கறீங்க? நான் திட்டிட்டு இருக்கேன்."

"திட்றதுக்கு ஒரு லேபு கீதே மேடம். அதான்."

மேடத்துக்கும் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டார். புடவையைச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்தார். முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.